யாரும் திறக்காத டப்பா

"இந்த டப்பாவைப் பாத்தாலே ஊசி குத்தற மாதிரி இருக்குது. யாரும்மா இதைத் தெறப்பா?"

சொல்லிவிட்டு, சூட்கேஸில் சுடிதார்களை அடுக்கிக்கொண்டிருந்தாள் ரஞ்சனி. அவள் அம்மா உஷாராணியின் கையில் இருந்தது பழைய பிஸ்கட் டப்பா. எடப்பாடியில் அவர்கள் வீட்டுக்குப் பதினைந்து வருடமாக அதுதான் முதலுதவிப் பெட்டி. உள்ளே பழுப்பேறிய பஞ்சு, இறுகிப்போன களிம்பு, எதற்கென்றே தெரியாத மாத்திரைகள்.

"உனக்குப் பத்தொம்பது வயசு, உங்கண்ணனுக்கு இருபத்திரண்டு. ரெண்டு பேத்துல ஒருத்தருக்காச்சும் ஒரு கட்டுப் போடத் தெரியுமா? போன மாசம் யோகேசு கைய அறுத்துக்கிட்டு, கர்ச்சீப்பச் சுத்திக்கிட்டு நிக்கறான். டப்பா தலைக்கு மேலயே இருந்துச்சு!"

"அதத்தான் சொல்றேன். எங்க வயசுக்காரங்க தொடற மாதிரியா அது இருக்குது?"

"ஹாஸ்டல் என்ன பக்கத்துலயா இருக்குது? ஒண்ணுன்னா நான் ஓடி வர முடியுமா? இதுக்கு ஒரு வழி பண்ணாட்டி, வந்த லெட்டரக் கிழிச்சுப் போட்டுருவேன். யாரும் எங்கயும் போக வேண்டாம்."

தறியை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்க வந்த குமரன், மனைவியைச் சமாதானப்படுத்தப் பார்த்தார்.

"எத்தன நாளைக்கு உஷா நீயே கூட இருந்து பாத்துக்குவ? அதுகளும் பழகோணுமல்ல."

"நீங்க சும்மா இருங்க. ரத்தத்தக் கண்டா மொத ஆளா மயங்கி உழறது நீங்கதான்."

குமரன் செம்பைக் கவிழ்த்துவிட்டு வந்த வழியே திரும்பினார்.

மறுநாள் அம்மாவும் மகளும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். ரஞ்சனி ஒரு கறுப்புத் தோள்பையைக் கொண்டுவந்தாள். உள்ளே இருப்பது வெளியே தெரிகிற மாதிரி கண்ணாடித் தாளில் நான்கு அறைகள். சுகாதார நிலையத்து நர்ஸிடம் கேட்டு எழுதி வந்த பட்டியலைப் பார்த்து உஷாராணி சாமான்களைப் பிரித்து வைத்தாள். பிறகு முத்து முத்தான கையெழுத்தில் ஒரு சீட்டு எழுதி ஒட்டினாள்: 'தீக்காயங்களுக்கான சிகிச்சை முறைகள்.'

ரஞ்சனிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏம்மா, கை வெந்துக்கிட்டு இருக்கறப்ப எவன் இத எழுத்துக்கூட்டிப் படிப்பான்? 'சுட்டுக்கிச்சா?'ன்னு மட்டும் போடு. அதுக்குக் கீழ ரெண்டே வரி."

உஷாராணி முறைத்தாள். ஆனால் எழுதினாள். 'சுட்டுக்கிச்சா? குழாய்த் தண்ணியில இருபது நிமிசம். பேஸ்ட் வேண்டாம், மஞ்சள் வேண்டாம்.' அடுத்த அறையில் 'வெட்டிக்கிச்சா? துணிய வெச்சு அழுத்து. உட்டுடாதே.'

"நான் பேசி வீடியோ எடுத்து அனுப்பட்டுமா சாமி?"

"நீ பேசுனா பதினஞ்சு நிமிசம் ஓடும். அதுக்குள்ள காயமே ஆறிரும்."

பையை பீரோவுக்குள் வைக்கப் போனவளை ரஞ்சனி தடுத்தாள். செல்போன் சார்ஜ் போடுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து மாட்டினாள். "நாங்க ஒரு நாளைக்குப் பத்துத் தடவ வர்ற எடம் இதுதாம்மா."

ஞாயிற்றுக்கிழமை உஷாராணி சந்தைக்குப் போய்விட்டு வரும்போது வீடு அமைதியாக இருந்தது. பின்பக்கம் தண்ணீர் விழும் சத்தம். எட்டிப் பார்த்தாள். யோகேஷ் முக்காலியில் உட்கார்ந்து கெண்டைக்காலைக் குழாயடியில் நீட்டியிருந்தான். பக்கத்தில் ரஞ்சனி, கையில் செல்போனோடு.

"என்ன ஆச்சு?"

"பைக் சைலன்சர்ல காலை வெச்சுட்டான். பயப்படாத."

"ஐயோ, பேஸ்ட்டு ஏதாச்சும்..."

"வேண்டாம்னு நீதான எழுதி ஒட்டியிருக்கற? இன்னும் ஆறு நிமிசம் இருக்குது. தள்ளி நில்லு."

உஷாராணிக்குக் கை பரபரத்தது. காய்கறிப் பையை இறுகப் பிடித்துக்கொண்டு நிலையோரமே நின்றாள். நேரம் முடிந்ததும் ரஞ்சனி ஈரத்தை ஒற்றி எடுத்தாள். சுத்தமான துணியை வைத்துத் தளர்வாகச் சுற்றினாள். கட்டு கோணலாகத்தான் இருந்தது. ஆனால் நின்றது.

"நாளைக்கு நர்ஸக்கா கிட்ட ஒருக்கா காட்டிக்கறேம்மா," என்றான் யோகேஷ்.

உஷாராணி சமையலறைக்குப் போய்க் காய்கறிகளைக் கூடையில் கொட்டினாள். இந்த வீட்டில் ஒருவருக்குக் காயம் பட்டு, "அம்மா!" என்று யாரும் கத்தாதது இதுதான் முதல் தடவை. சந்தோஷமாகவும் இருந்தது, எங்கோ லேசாக வலிக்கவும் செய்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அலமாரியிலிருந்த லெட்டரை எடுத்து வந்து சூட்கேஸின் மேலறையில் வைத்தாள்.

"கெளம்பலாமுங்க," என்றாள் குமரனிடம்.

திங்கட்கிழமை காலை நான்கு பேரும் பேருந்து நிலையத்தில் நின்றார்கள். பவானி வண்டி வந்தது. குமரன் சூட்கேஸை ஏற்றி, சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு இறங்கினார். யோகேஷ் வேறு பக்கம் பார்த்தான். அம்மாவும் மகளும் ஒருவர் கையை ஒருவர் விடவில்லை.

கண்டக்டருக்குப் பொறுமை போயிற்று. "வண்டி எடுக்கோணுமுங்க. உங்கள்ல யாரு போறது, யாரு நிக்கறது?"

"நாந்தானுங்க போறேன்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு படியேறினாள், நாற்பத்து மூன்று வயதில் குரூப் ஃபோர் தேர்வில் தேறி, தாலுகா ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்து, இரண்டு மாதப் பயிற்சிக்காகப் பவானிசாகர் ஹாஸ்டலுக்குக் கிளம்பிய உஷாராணி.