வைக்கோல் கன்னுக்குட்டி

ராயபுரம் சந்துல பொழுது விடியுது. வீட்டுக்குள்ள பச்சப்புள்ள பசியில கத்துது. புள்ளையைப் பெத்த லாத்தா, ரஷீதோட அக்கா காத்தூனுக்குப் பால் வத்திப்போச்சு. வாசல்ல ரஷீது குந்திக்கிட்டு பசு மடிக்குக் கீழ சொம்பைப் பிடிச்சிருக்கான். செத்த கன்னோட தோல்ல வைக்கோலை அடைச்சு, அதைப் பசு மூஞ்சிக்கு முன்னாடி நிறுத்திட்டு, பால்காரி பச்சையம்மா காம்பை இழுக்குறா. பசு நக்குது. தோல் நாறுது, ஈ மொய்க்குது. ரஷீது பச்சையம்மாகிட்ட கேக்குறான்: "ஏம்மா, இதுக்குப் புல்லே போடமாட்டியா?" "வெயில குடிச்சாதான் நைனா புல்லு வளரும். இங்க வெயிலுக்கு மின்ன ரயிலு கரி புல்லு மேல வந்து குந்திக்குது. கீற புல்லு இது நடக்கவே பத்தல, பாலுக்கு எங்கேந்து மிஞ்சும்?" சொம்புல நாலு சொட்டுதான் விழுந்திருக்கு. பசு நக்குறதை நிறுத்துது. பிரிஞ்ச தையல்ல மூக்கை விட்டு, கன்னு வயித்துலேர்ந்து ஒரு வாய் வைக்கோலை உருவி மெல்லுது. அப்புறம் இன்னொரு வாய். ரஷீது வாயைப் பொத்திக்கிறான். "தின்னட்டும் வுடு, மென்னுகினு இருந்தாதான் மடியில பால் எறங்கும்." கன்னோட வயிறு கொஞ்சங்கொஞ்சமா ஒட்டுது. சொம்புல சர்ருனு நுரை ஏறுது. உள்ள புள்ள இன்னும் கத்துது. ரஷீது மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு, சொம்பை மட்டும் ஆடாம நேரா பிடிக்கிறான்.