உள்ளே விடும் உரிமை

"உள்ள வரக் கூடாதுன்னா கூடாதுதான். வேற கடை பாருங்க சார்."

சரோஜாக்கா தன் சாப்பாட்டுக் கடை வாசலை மறித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து மாறனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்தாவதோடு படிப்பை விட்டவன். கிரிவலம் போகும் செங்கம் ரோட்டில் வெளியூர்க்காரர்களுக்கு ரூமும் சாப்பாட்டுக் கடையும் காட்டிவிடுவதுதான் பிழைப்பு. பௌர்ணமியும் அதுவுமாக, காரில் வந்திறங்கிய பரசுராமன் சாரையும் அவர் நண்பர்களையும் பிடித்து வந்திருக்கிறான். விடுவானா?

"என்னாக்கா, மத்த நாள்ல ஆள் கூட்டிட்டு வான்னு கெஞ்சுவீங்க. இன்னைக்குத் தொரத்துறீங்க?"

அக்கா கதவில் தொங்கிய இங்கிலீஷ் போர்டை விரலால் தட்டினாள். 'ரைட்ஸ் ஆஃப் அட்மிஷன் ரிசர்வ்டு.'

"அப்படின்னா என்னா சார்?"

"யாரை உள்ள விடணும், யாரை விடக் கூடாதுங்கறது கடைக்காரங்க இஷ்டம்னு அர்த்தம்" என்றார் பரசுராமன். "எங்க கிளப்லயும் மாட்டியிருக்கோம். கண்டவனும் நுழையாம இருக்க நாசூக்கா சொல்றது. நல்ல விஷயம்தான்."

"அப்போ இன்னைக்குக் கண்டவன் நீங்களா சார்?" என்று கேட்டுவிட்டான் மாறன்.

சாரின் முகம் கறுத்தது. "ஏம்மா, அந்த போர்டு எங்கள மாதிரி ஆளுங்களுக்கு இல்லம்மா!"

"அர்த்தம் நீங்க சொன்னதுதான் சார். என் இஷ்டம்."

அந்த நேரம் பார்த்து, புழுதிக் காலோடு கிராமத்துப் பெண்கள் இரண்டு பேர் வந்தார்கள். அக்கா நகர்ந்து வழிவிட்டாள்.

சார் கார் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போயேவிட்டார். மாறனின் அன்றைய வரும்படியும் அதே காரில் போய்விட்டது.

"உங்களுக்குக் கொழுப்பு ஜாஸ்திக்கா! சாப்பிட வந்தவனத் தள்ளிட்டு, சும்மா வர்றவங்கள உள்ள விடறீங்க."

"கத்தாதடா." அக்கா குரலைத் தாழ்த்தினாள். "மலைய முழுசா சுத்தி வர்ற பொம்பளைங்க அவசரத்துக்கு எங்கடா போவாங்க? நீங்கல்லாம் வேலியோரம் நின்னுடறீங்க. கடை நிறைய ஆம்பளைங்க உக்காந்திருந்தா, எந்தப் பொண்ணு உள்ள வந்து பாத்ரூம் எங்கன்னு கேக்கும்? அதான் பௌர்ணமின்னா கடை அவங்களுக்கு. நீ யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காத. இருக்கறது ஒரு பாத்ரூம். ஊருக்கே தெரிஞ்சா தண்ணி தாங்காது."

"தாங்கலைன்னா அடிபம்புல அடிச்சு ஊத்திட்டுப் போறேன்" என்று முணுமுணுத்தபடியே மாறன் ரோட்டுக்கு வந்தான்.

எதிரே ஒரு பெண், முள் புதரையும் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நடக்க முடியாமல் நின்றாள். "இன்னும் கொஞ்ச தூரம் பொறுத்துக்கடி" என்றாள் கூட வந்தவள்.

"எதுக்குப் பொறுக்கணும்?" மாறன் கடைப் பக்கம் கையைக் காட்டினான். "அங்க போங்க. உள்ள பொம்பளைங்க மட்டும்தான். பின்னால வர்றவங்ககிட்டயும் சொல்லிடுங்க!"