கைராசி

“துணி காயப்போட உனக்கு வேற இடமே கிடைக்கலையாம்மா?”

பின்வாசலில் நின்று கேட்டாள் வீட்டுக்காரம்மா. பக்கத்துப் போர்ஷனில் வாடகைக்கு இருக்கும் நர்ஸ், ராத்திரி டியூட்டி முடிந்து வந்த கையோடு, அந்தக் கருநீலத் துணியைக் கொடியில் விரித்துக்கொண்டிருந்தாள்.

வெயில் உச்சிக்கு ஏறிய நாளிலிருந்து இதே கூத்துதான். காலையில் அவள் வந்ததும் துணி கொடியேறும். சாயங்காலம் வேலைக்குக் கிளம்பும்போது இறங்கும். கம்பளி போலக் கனத்த துணி. அனல் காற்றில் அது ஆடும்போதெல்லாம் கிணிங் கிணிங்கென்று ஒரு சத்தம் வேறு. அதன் பின்னால் தக்காளித் தொட்டிகள் வெளிச்சத்தைப் பார்க்காமல் நின்றன.

“தினமும் துவைக்கிற அளவுக்கு ஒரே துணியில அப்படி என்னதான் அழுக்கோ?” என்று எதிர்வீட்டுக்காரியிடம் சொல்லிச் சிரித்தாகிவிட்டது. இன்றைக்குப் பொறுமை போய்விட்டது.

வீட்டுக்காரம்மாவுக்கு அது வெறும் தக்காளி இல்லை.

முப்பது வருஷம் பஸ் ஓட்டிய கை அவள் கணவருடையது. பக்கவாதம் வந்த பிறகு அந்த வலது கை, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி மடியில் கிடந்தது. நீட்டி மடக்கச் சொல்லி டாக்டர் கெஞ்சியும் அவர் அசையவில்லை. செடியில் முதல் காய் பிடித்த அன்றுதான், ஜன்னலோரக் கட்டிலில் இருந்தபடி, அந்தக் கை தானாக அதை நோக்கி ஒரு சாண் நகர்ந்தது. அவள் அடுப்படிக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

முதல் பழத்தை அவரே பறிக்க வேண்டும். வேறு எதுவும் அவள் கேட்கவில்லை.

தெருவில் மற்றவர்கள் செடியெல்லாம் சருகாகிவிட்டது. “உங்க வீட்டுத் தக்காளி மட்டும் எப்படிக்கா இப்படி நிக்குது? உங்களுக்குக் கைராசி” என்றாள் எதிர்வீட்டுக்காரி. “அது பொறந்ததுலேருந்தே உண்டு” என்று வீட்டுக்காரம்மாவும் ஒப்புக்கொண்டாள்.

இப்போது நர்ஸ் மெல்ல ஆரம்பித்தாள். “இல்லம்மா, இந்த வெயில்ல…”

“வெயில் படாம தக்காளி எப்படிப் பழுக்கும்? பகலெல்லாம் தூங்குறவளுக்கு வெயிலைப் பத்தி என்ன தெரியும்?”

நர்ஸ் ஒரு தடவை ஜன்னலைப் பார்த்தாள். பிறகு துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, “சரிம்மா” என்று போய்விட்டாள்.

ஜன்னலுக்குள்ளிருந்து அவர் ஏதோ குழறினார். “பாத்தீங்களா, எதிர்த்து ஒரு வார்த்தை பேசலை. தப்பு அவ மேலதான்” என்றாள் வீட்டுக்காரம்மா.

மறுநாள் மத்தியானத்துக்குள் பூவெல்லாம் உதிர்ந்துவிட்டது. இலைகள் சுருண்டன. மஞ்சள் தட்டத் தொடங்கியிருந்த பெரிய காயின் ஒரு பக்கம், வெந்நீர் பட்ட தோல் போல வெளுத்துக் கிடந்தது. நீண்டிருந்த கை மடிக்குத் திரும்பிவிட்டது.

காலிக் கொடியைக் கண்ணால் காட்டி, வாயைக் கோணி, வியர்த்து, அவர் ஒரே ஒரு வார்த்தையைப் பெற்றெடுத்தார்.

“நி…ழல்.”

அவளுக்குச் சுருக்கென்றது.

பக்கத்துப் போர்ஷன் கதவைத் தட்டினாள். வெகுநேரம் கழித்துத் தூக்கம் கலையாத கண்களோடு நர்ஸ் திறந்தாள். உள்ளே அறை இருட்டாக, குளுமையாக இருந்தது.

“மனசுல வெச்சுக்காதேம்மா. அந்தப் போர்வையை மறுபடி கொடியில போடறியா? செடிக்குத்தான் போட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“எனக்குச் செடியைப் பத்தியெல்லாம் தெரியாதும்மா. அதுக்கும் சுடும்தானேன்னு நெனச்சேன். ஐயாவோட கை அதுக்குத்தானே நீளுது.” தன் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். “விவரம் சொன்னா வேணாம்னுடுவீங்க.”

சொல்லிவிட்டுக் கட்டில்மேல் ஏறினாள்.

கிணிங். கிணிங்.

மேற்கு ஜன்னலின் கம்பியிலிருந்து வளையம் வளையமாக அந்தக் கருநீலத் திரையைக் கழற்றினாள். வெயில் நேராக வந்து அவள் தலையணையில் படுத்துக்கொண்டது.

வீட்டுக்காரம்மா எட்டி அவள் கையைப் பிடித்தாள். “மாட்டும்மா. திரும்ப மாட்டு.” துணியின் மறுமுனையைப் பிடித்து, அவளே வளையங்களைக் கோக்க ஆரம்பித்தாள்.

அன்றிலிருந்து கொடியில் தொங்கியது வீட்டுக்காரம்மாவின் கூடத்துத் திரை.

அந்தக் காய் தழும்போடேயே சிவந்தது. நடுங்கி நடுங்கி நீண்ட ஒரு கை அதைக் காம்போடு பறித்தது. பறித்த கை, தன் வீட்டுப் பக்கம் திரும்பாமல் பக்கத்துப் போர்ஷன் கதவைக் காட்டியது.

மதில்மேல் எட்டிப் பார்த்த எதிர்வீட்டுக்காரி, “கைராசின்னா இதுதான்கா!” என்றாள் பலமாக.

“ஆமா. அந்தக் கை உள்ளே தூங்கிட்டு இருக்கு” என்றாள் வீட்டுக்காரம்மா. “மெதுவாப் பேசு.”