தேவதாரு அலமாரி

சுருட்டுகள் காய்ந்துபோகாமல் ஈரம் காக்கும் சின்னப் பெட்டி நிரம்பிவிட்டதால், தணிகாசலம் ஆளுயரத்துக்குத் தேவதாரு அலமாரியே வாங்கிவிட்டார். ஈரத்துக்காக அடித்தட்டில் தண்ணீர் ஊற்றி மூடிவிட்டு நிமிர்ந்தால், மனைவி குமுதா நிற்கிறாள். கதவைத் திறந்து மோந்து பார்த்தாள்.

"நல்ல வாசனைங்க. என் பட்டுப்புடவையெல்லாம் கட்டிலுக்கு அடியில இத்துப்போகுதுன்னு இப்பவாவது தோணுச்சே."

சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"உனக்குத்தான் வாங்கினேன்" என்றார். காது மடல் சுட்டது.

அவருடைய பழைய வேட்டியில் சுற்றிவைத்திருந்த கூறைப்புடவையை அவள் முதலில் வைத்தாள். மற்றவற்றை அவரே ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். கடைசியாகக் குனிந்து அடித்தட்டை இழுத்தவள் நிமிரவில்லை.

"ஏங்க, பட்டுக்குக் கீழ எதுக்குத் தண்ணி?"