பார்த்தசாரதி வாங்கிய ரீல்

பார்த்தசாரதியைத் தூண்டில் கடைக்குள் கண்டதும் சிறிக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை.

போன மாதம் நோபல் பார்க்கில் நடந்த பொங்கல் விழாவில், "மீன் கட்லட் வெச்சா நான் மண்டபத்துக்குள்ளயே வர மாட்டேன்" என்று ஒற்றைக் காலில் நின்ற சுத்த சைவச் சாப்பாட்டுக்காரர் இவர். சிறியின் மனைவி விமலாதேவி விடியற்காலையில் எழுந்து பொரித்த அறுபது கட்லட்டும் கார் டிக்கியில் இருந்தபடியே வீடு திரும்பின. மூன்று நாள் சிறிக்கு வேறு சாப்பாடே இல்லை.

அப்படிப்பட்டவர் இப்போது தூண்டில்களுக்கு நடுவே நிற்கிறார்.

"வாங்கோ அண்ணை. வழி தவறி வந்திட்டியளோ?"

"இல்ல சிறி. நீங்க இங்க வேலை பாக்கறது தெரிஞ்சுதான் வந்தேன். தூண்டில் நூலைச் சுத்தற ஸ்பின்னிங் ரீலாமே, அது ஒண்ணு வேணும். தூண்டில் ராடும் சேர்த்து."

"ஆருக்கு?"

"எனக்குத்தான்."

ஊருக்குத்தான் உபதேசம் போல என்று சிறி மனதுக்குள் சொல்லிக்கொண்டான்.

"மீன் பிடிக்க லைசென்ஸ் எடுத்தாச்சோ?"

"ஒரு வருஷத்துக்கு எடுத்துட்டேன்." போனைத் திறந்து காட்டினார்.

ஆக, இந்த ஆசை இன்று நேற்று வந்ததில்லை.

"எங்க பிடிக்கப் போறியள்? வள்ளத்திலயோ, கரையிலயோ?"

"மோர்டியாலக் பியர்ல, கடலுக்குள்ள நீட்டிக்கிட்டிருக்கே அந்தப் பாலத்துல. மூணு நாலு மணி நேரம் இருக்கணும். கை வலிக்காம லேசா இருந்தா நல்லது. எண்பது டாலருக்குள்ள முடிச்சுக் குடுங்க. அதுக்கு மேல போனா வீட்டுல ராதாகிட்ட நான் வாங்கிக் கட்டிக்கணும்."

சுவரில் தொங்கிய ஒன்றை அவரே காட்டினார். "அதோ, முப்பது டாலர்னு போட்டிருக்கே?"

"அது சின்னப் பிள்ளையளுக்கு. கைப்பிடியே பிளாஸ்டிக்."

கட்லட் எரிச்சல் இன்னும் ஆறாத சிறி, தங்க நிறத்தில் மினுக்கும் ரீல் ஒன்றைப் பெட்டியோடு எடுத்து முன்னால் வைத்தான்.

"அடேயப்பா, பன்னிரண்டு பேரிங்! அப்போ இது நல்லதா?" பார்த்தசாரதியின் கண்கள் விரிந்தன.

ஆமாம் என்று சொல்லி அவர் தலையில் கட்டியிருக்கலாம். கட்லட்டுக்குப் பழி வாங்கின மாதிரியும் இருந்திருக்கும். ஆனால் சிறிக்கு மனம் வரவில்லை.

"வேண்டாம் அண்ணை. பெட்டியில எத்தினை பேரிங் எண்டு போட்டிருக்கிறதைப் பார்த்து ஒருநாளும் வாங்கக் கூடாது. கைப்பிடியைச் சுத்திப் பாருங்கோ. கரகரக்குதெல்லோ? உப்புத் தண்ணி பட்டா மூண்டு மாசம்தான்."

கறுப்பு நிற ரீல் ஒன்றை நீட்டினான்.

"இதில நாலு பேரிங்தான். ஆனா என்ன சுகமாச் சுத்துது பாருங்கோ. ஃபிளாட்ஹெட், விட்டிங் மீன் எல்லாத்துக்கும் இந்த சைஸ் காணும். ஒவ்வொருமுறையும் நல்ல தண்ணியில கழுவி வைச்சா வருசக்கணக்கா உழைக்கும். ராடோட எழுபத்தஞ்சு."

"ஒரு வருஷம் தாங்கினாக்கூடப் போதும்."

"முன்னுக்கு இருக்கிற இந்தத் திருகைப் பாருங்கோ. இதுதான் டிராக். பெரிய மீன் இழுத்தா நூல் அறாமல் விட்டுக் குடுக்கும். எவ்வளவு இறுக்கவேணும் எண்டு காட்டட்டோ?"

"அது எப்படி இருந்தாலும் சரி சிறி. பாக்கறவங்களுக்கு நான் நிஜமாவே மீன் பிடிக்கிறவன்னு தோணணும். இதை வெச்சுக்கிட்டு நின்னா தோணுமா?"

சொன்னதோடு விடாமல், ரீலைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்ப்பதுபோல் ஒரு பக்கமாகத் திரும்பி நின்றும் காட்டினார்.

ஓகோ, பேஸ்புக்கில் படம் போடத்தான் இத்தனை பாடா! விமலாதேவியிடம் சொல்லிச் சிரிக்க ஒரு வாரத்துக்குக் கதை கிடைத்துவிட்டது என்று சிறிக்குக் குஷி.

"தோணும், தோணும். தூண்டில் முள்ளு என்ன சைஸ் தரட்டும்? இரைக்கு இறாலும் கணவாயும் ஃப்ரீசரில கிடக்கு."

இறால் என்றதும் பார்த்தசாரதி அரை அடி பின்வாங்கினார்.

"முள்ளும் வேண்டாம், இரையும் வேண்டாம். ஈயக்குண்டு மட்டும் குடுங்க. நூல் தண்ணிக்குள்ள இறங்கணுமே."

"முள்ளில்லாமல் போட்டா ஒரு மீனும் வராது அண்ணை!"

"வந்துடக் கூடாதுன்னுதான் நானும் பெருமாளை வேண்டிக்கறேன்."

சிறிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"பிறகு என்னத்துக்கு அண்ணை இவ்வளவு காசைக் குடுத்து வாங்கிறியள்?"

பார்த்தசாரதி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எங்க பக்கத்து வீட்டு இந்திரகுமாரைத் தெரியுமில்ல?"

"ஓம். பெண்சாதி காலமானாப் பிறகு ஆள் ஒருத்தரோடையும் கதைக்கிறேல்லை."

"சனிக்கிழமையானா அந்தப் பியர்ல தனியா தூண்டில் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கார். சாப்பிட்டியான்னு கேக்கக்கூட ஆளில்ல. மனசு கேக்காம ரெண்டு தடவை போய்ப் பக்கத்துல உக்காந்தேன். 'எனக்கு ஆறுதல் சொல்ல ஒருத்தரும் வரத் தேவையில்லை, வீட்டை போங்கோ'ன்னு எழுப்பி விட்டுட்டார். இந்த வாரம் ராதா ரெண்டு பேருக்கும் சேர்த்துப் புளியோதரை கட்டித் தரப் போறா."

சிறி ஈயக்குண்டை மட்டும் எடுத்துப் பைக்குள் போட்டான்.

பார்த்தசாரதி ரீலை இன்னொரு முறை சுற்றிப் பார்த்தார். முகமெல்லாம் திருப்தி.

"ஆறுதல் சொல்ல வந்தவனைத்தான் எழுந்து போன்னு சொல்லலாம் சிறி. பக்கத்துல உக்காந்து தூண்டில் போடறவனை எப்படிச் சொல்லுவார்?"