லவீனாவின் கிண்ணம்

குருநகர் வேதக் கோவிலின் வண்ணக் கண்ணாடி வழியே வரும் காலை வெயில், முதல் நன்மையாகத் திருப்பலி அப்பம் வாங்க நிற்கும் பிள்ளைகளின் வெள்ளை உடுப்புகளில் சிவப்பும் நீலமுமாய் விழுகிறது. லவீனாவின் முறை வர, தாய் நிரோஜினி எட்டிப் பார்க்கிறாள். நன்மை அப்பம் கோதுமை. அது துளி உள்ளே போனாலும், கல்சியத்தின் துணையோடு இயங்கும் குடல் நொதியம் ஒன்று அதை மாற்றிவிட, உடம்பு அதைப் பகையென்று எண்ணித் தன் குடலையே புண்ணாக்கும் நோய் பிள்ளைக்கு. பூசை வைக்கும் சுவாமி, பெரிய கிண்ணத்தில் போல் அப்பத்துண்டு போடாமல் தனியே வைத்த சின்னக் கிண்ணத்தை எடுத்து நீட்டுகிறார். லவீனா ஒரு மிடறு திராட்சை இரசம் குடித்து, முகத்தைச் சுளித்து, பிறகு பல் தெரியச் சிரிக்கிறாள். “ஏன் சுவாமி உவளுக்கு மட்டும் வைன்? எனக்கும் தாங்கோ!” என்று வரிசையில் பின்னால் நிற்கும் சிறுமி ஜெனிற்றா உரக்கக் கேட்கிறாள். கோவிலே சிரிக்கிறது. நோய் தெரிந்த இரண்டு வருடமாய்ப் போன வீட்டிலெல்லாம் “ஐயோ பாவம் பிள்ளை” என்றே கேட்ட நிரோஜினி, தன் மகளைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்படுவதைக் கேட்டு, எல்லாரையும்விடப் பலமாகச் சிரிக்கிறாள்.