மூன்று பிரசவங்கள்

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வந்திருந்த ஆசிரியை மரகதவல்லி, பவுன்தாயிடம் கேட்டார்: "இதுவரைக்கும் உங்களுக்கு எத்தனை குழந்தைங்க பிறந்துச்சும்மா?"

"ஒண்ணுதான். எம் பேரன்," என்று மாமியார் முந்திக்கொண்டார்.

"பெத்தவங்கதாம்மா சொல்லணும்."

பவுன்தாய் கணவனைப் பார்த்தாள். வேண்டாம் என்று அவன் தலையசைத்தான்.

"மூணு," என்றாள்.

"ஏய்!" என்று அவன் எழுந்தான். ஆசிரியையின் பேனா தயங்கி நின்றது.

"எழுதுங்க டீச்சர். மொத ரெண்டும் பொட்டப்புள்ளைக."

மூன்று என்று எழுதிவிட்டு, ஆசிரியை தாழ்ந்த குரலில் அடுத்த கேள்வியைக் கேட்டார்: "இப்ப எத்தனை பேர் உசுரோட இருக்காங்க?"

பவுன்தாய் மாமியார் பக்கம் திரும்பினாள்.

"இதுக்கு நீங்களே பதில் சொல்லுங்கத்தே."